“ஏதும் வந்ததோ?” என்று கேட்கும் நம் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்துவிட்டு இன்டர்வியூவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் அம்மா அப்பாமாருக்கும், அந்தப் பிள்ளைகளின் மாமாமார், மாமிமார், சித்திமாருக்கும் வணக்கம்.

நான் லண்டன் ஹரோவில் இருக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணத்து மானிப்பாய். மகளுக்குப் பத்தொன்பது வயது. போன வருடம் நாலு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள், நாலும் இல்லை என்றுவிட்டன. இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். ஒக்டோபர் 15ஆம் திகதி மாலை ஆறு மணியோடு, பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் யூகாஸின் கதவு மூடியது. இப்போது டிசம்பர் நடுப்பகுதி. ஓரிடம் இல்லை என்று சொல்லிவிட்டது, ஓரிடம் ஜனவரியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது, மற்ற இரண்டும் மூச்சுக் காட்டவில்லை.

முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கிடைத்துவிட்டால் பெருமை பேசுகிற மாதிரி இருக்கும், கிடைக்காவிட்டால் எழுத மனம் வராது. அதோடு, போன வருடம் இதே மாதங்களில் நான் விட்ட பிழைகளை இப்போது எத்தனையோ வீடுகளில் விட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் உங்களில் பலர் எனக்குப் போன் எடுக்கிறீர்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நான் 1993இல் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எடுத்தவள். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் விலை சொல்லத் தேவையில்லை, ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். நாலு பாடம், மொத்தம் 400 புள்ளி. மருத்துவத்துக்கு எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளி வந்தபோது எனக்கு ஆறு புள்ளி குறைவு. பல நாள் அழுதேன். ஆனால் எதற்காக அழுகிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆறு புள்ளி. அதை நான் கையில் பிடித்துப் பார்க்கலாம், இரசாயனவியல் இரண்டாம் பத்திரத்தில் எந்தக் கேள்வியில் அது போனது என்றுகூட ஊகிக்கலாம். 2001இல் பாடங்களின் கடினத்தைச் சரிக்கட்டும் இசட் ஸ்கோர் வந்தது, கணக்கு மாறியது. ஆனால் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது: சோதனை எழுதினால் ஓர் எண் வரும், அந்த எண் கோட்டுக்கு மேலே என்றால் மருத்துவபீடம், கீழே என்றால் இல்லை. பிள்ளையை எதிரில் இருத்தி வைத்து யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எழுபதுகளில் தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்றாக்கிய தரப்படுத்தலால் பட்ட காயமும் நமக்கு இருக்கிறது. அதனால் புள்ளி என்றால் நம் சமூகத்துக்கு உயிர்.

டொக்டர் என்ற சொல்லும் அப்படித்தான். எங்கள் ஊரில் கிரீன் ஆஸ்பத்திரி இருக்கிறது. சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டொக்டர் 1847இல் வந்து, மானிப்பாயில் நம் பெடியன்களுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைச் சொல்லிக்கொடுத்து, பிறகு அதைத் தமிழிலேயே படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கித் தந்தார். அந்த ஆஸ்பத்திரி மதிலோரமாகப் பள்ளிக்கூடம் போய்வந்த எனக்கு, டொக்டராவதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்ததில்லை. அந்த ஆசை என்னோடு விமானம் ஏறி லண்டனுக்கு வந்தது. மகள் பிறந்ததும் அவள் தலையில் ஏறியது. இதை நான் வெட்கத்தோடு சொல்லவில்லை. உங்களில் எத்தனை பேரின் கதையும் இதுதான் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இங்கே முறை வேறு. இதைப் போன வருடம் நான் வாயால் சொன்னேனே தவிர, உள்ளே ஏற்றுக்கொள்ளவில்லை. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்ஈ பெறுபேறு ஒன்று, பதினெட்டு வயதில் எழுதும் ஏ லெவலுக்குப் பள்ளி கணித்துத் தரும் கிரேட் ஒன்று, மருத்துவத்துக்கான நுழைவுச் சோதனையான யூகாட் ஒன்று, பிள்ளை தன்னைப் பற்றி எழுதுவது ஒன்று, ஆசிரியரின் குறிப்பு ஒன்று. இவற்றை ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு விதமாக நிறுக்கிறது. பெல்பாஸ்டில் உள்ள குயின்ஸ் ஜிசிஎஸ்ஈக்குப் புள்ளி போட்டு யூகாட்டோடு கூட்டுகிறது. நியூகாசில், கேட்ட கிரேட் இருந்தால், பிறகு யூகாட்டை வைத்துத்தான் இன்டர்வியூவுக்கு எடுக்கிறது. ஓரிடத்தில் முன்வரிசையில் நிற்கும் அதே பிள்ளை இன்னோரிடத்தில் வரிசையிலேயே இருக்காது. அப்படி இல்லாமல் போவதற்கு அந்தப் பிள்ளை எந்தப் பிழையும் விட்டிருக்கத் தேவையில்லை.

மருத்துவத்துக்கு நாலு இடம்தான் போடலாம், ஐந்தாவது வேறு படிப்பாக இருக்க வேண்டும். அந்த நாலையும் போன வருடம் நான்தான் தெரிந்தெடுத்தேன். மகள் ஒரு தாளில் எந்தக் கல்லூரி எதை நிறுக்கிறது என்று அட்டவணை போட்டு வைத்திருந்தாள். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. லண்டனுக்குள் பெயர்பெற்ற இடங்களாக நாலைச் சொன்னேன். வீட்டிலிருந்தே போய்வரலாம், கேட்கிறவர்களுக்குப் பெயரும் சொல்லலாம். அவளுடைய யூகாட் 2640, அப்போது அது 3600க்கு. கெட்ட புள்ளி இல்லை, ஆனால் நான் சொன்ன நாலில் இரண்டு இடத்துக்கு அது காணாது என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். சொன்னாள். “முயற்சி செய்யாமல் எப்படித் தெரியும்?” என்று நான் வாயை அடைத்துவிட்டேன். இந்த வருடம் நாலு இடத்தையும் அவளே தெரிந்தெடுத்தாள். அவற்றில் ஒன்றின் பெயரை நான் அதற்கு முதல் கேள்விப்பட்டதே இல்லை. ஜனவரிக்குக் கூப்பிட்டிருப்பது அந்த இடம்தான்.

யூகாட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதனால் பல வீட்டில் குழப்பம். 2025இலிருந்து அதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். வடிவங்களைப் பார்த்து ஒழுங்கு கண்டுபிடிக்கிற பகுதி அது. அதனால் மொத்தம் இப்போது 2700. இந்த வருடம் என் மகளுக்கு 2130. ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை, “போன முறையை விட ஐந்நூறு குறைஞ்சு போச்சே” என்று பிள்ளையிடமே சொன்னாள். உண்மையில் இந்த முறை அவள் எவ்வளவோ மேல். தெரியாத கணக்கில் பிள்ளையை அளக்காதீர்கள், அதுவும் பிள்ளை கேட்கும்படி.

இனி இந்தக் காத்திருப்பு.

யூகாட் புள்ளிகள் கல்லூரிகளுக்குப் போய்ச் சேருவதே நவம்பர் தொடக்கத்தில்தான். அதற்குப் பிறகுதான் பல இடங்களில் தெரிவு ஆரம்பிக்கிறது. கூப்பிடுகிறவர்களும் ஒரே நாளில் எல்லோரையும் கூப்பிடுவதில்லை. பகுதி பகுதியாக, டிசம்பரிலிருந்து மார்ச் வரை இன்டர்வியூ நடக்கும். இன்டர்வியூ எடுக்கிறவர்களில் பலர் வேலையில் இருக்கும் டொக்டர்கள், தாதிகள். அவர்களுக்கு நேரம் கிடைக்கிற நாட்களைப் பார்த்துத்தான் ஒழுங்கு செய்ய முடியும். ஆகவே இன்னாரின் மகனுக்கு நவம்பரிலேயே வந்துவிட்டது, என் மகளுக்கு டிசம்பரிலும் வரவில்லை என்றால், அதற்கு ஓர் அர்த்தமும் இல்லாமல் இருக்கலாம். இல்லை என்பதையும் சில இடங்கள் உடனே சொல்கின்றன, சில இடங்கள் எல்லா இன்டர்வியூவும் முடியும்வரை சொல்வதில்லை. போன வருடம் என் மகளுக்கு முதலாவது மறுப்பு நவம்பரில் வந்தது, நாலாவது மார்ச் கடைசியில். அந்த நாலாவது இடம் அவளை இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடவில்லை. ஐந்து மாதத்துக்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

யூகாஸின் ஈமெயிலில் முடிவு இருக்காது. உன் விண்ணப்பத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, உள்ளே போய்ப் பார் என்றுதான் இருக்கும். என் மகள் அதைப் பள்ளி பஸ்ஸில் வைத்துப் பார்த்திருக்கிறாள், நூலகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள், ஒருமுறை தம்பியின் பிறந்தநாளன்று கேக் வெட்டுவதற்குப் பத்து நிமிடம் முதல் குளியலறைக்குள் போய்ப் பார்த்திருக்கிறாள். வெளியே வந்து கை தட்டிப் பாட்டுப் பாடினாள். எங்களுக்கு அடுத்த நாள்தான் சொன்னாள்.

இந்த மௌனத்தை எப்படி வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 1993இல் எனக்கு ஆறு புள்ளி என்ற காரணம் இருந்தது. இங்கே காரணம் சொல்ல ஆளில்லை. சில இடங்கள் கடைசியில் புள்ளி விபரம் தருகின்றன, பல தருவதில்லை. காரணம் கிடைக்காதபோது நான் பிள்ளையிடம் அதைத் தேடினேன். காலையில் எழும்பியதும் “ஏதும் வந்ததோ?” வேலையிலிருந்து வந்ததும் “ஏதும் வந்ததோ?” அவள் இல்லை என்று சொன்னதும் என் முகம் போகிற போக்கை அவள் ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் பார்த்தாள்.

ஒரு நாள் குசினியில் நின்று தங்கையோடு கதைத்துக்கொண்டிருந்தேன். “என்ன பிழை விட்டாளோ தெரியாது. வாய் திறந்து கதைக்கமாட்டாள், அதுதான் போல” என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தால் மகள் வாசலில் நிற்கிறாள்.

“அம்மா, நான் என்ன பிழை விட்டனான் எண்டு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். அன்றிலிருந்து சில மாதங்கள் அவள் எனக்கு எதையும் தானாகச் சொல்லவில்லை. நான் இந்த மடலை எழுத முக்கிய காரணம் அந்த ஒரு நிமிடம்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இந்நாட்டில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். இடங்களின் எண்ணிக்கையை அரசுதான் கட்டுப்படுத்துகிறது. இங்கிலாந்தில் வருடம் 6,000 ஆக இருந்ததை 2018இலிருந்து 2020க்குள் 7,500 ஆக்கினார்கள், அதற்காக சண்டர்லண்ட், லிங்கன் உட்பட ஐந்து புதிய மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். 2031க்குள் 15,000 ஆக்குவோம் என்று 2023இல் ஒரு திட்டம் வந்தது. இன்றைக்கு விண்ணப்பித்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது உதவாது. நல்ல பிள்ளைகளும் வெளியே நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. ஏ லெவலில் மூன்று பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளை வெளியே நிற்கிறது. என் பிள்ளையும் அப்படித்தான் நிற்கிறது.

இன்டர்வியூ பற்றிச் சொல்கிறேன். போன வருடம் நாலில் ஓரிடம் மட்டும் அவளைக் கூப்பிட்டது. கடிதம் வந்த அன்று மாலையே நான் ஒரு பயிற்சி வகுப்புக்குக் காசு கட்டினேன். ஒரு வார இறுதிக்குப் பல நூறு பவுண்கள். பெயர் சொல்லவில்லை, அது இங்கே தேவையுமில்லை. அங்கே கொடுத்த கையேட்டில் “ஏன் மருத்துவம்?” என்ற கேள்விக்குப் பதில் இருந்தது, “கூட்டாக வேலை செய்த அனுபவம்” என்பதற்குப் பதில் இருந்தது. நான் இரவில் அவளை இருத்தி அவற்றைக் கேட்டேன், உயர்தரத்தில் தாவரவியல் பாடமாக்கியது போல. அவளும் ஒப்புவித்தாள்.

இப்போது பல இடங்களில் நடக்கும் இன்டர்வியூ அப்படிப்பட்டது இல்லை. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஒரு முறை அது. எம்எம்ஐ என்பார்கள். ஒரு மேசைக்கு முன்னால் அரை மணித்தியாலம் இருப்பதற்குப் பதிலாக, ஆறு, எட்டு, பத்து இடங்களுக்கு மாறி மாறிப் போக வேண்டும். ஒவ்வோரிடத்திலும் சில நிமிடங்கள், ஒவ்வோரிடத்திலும் வேறு ஆள் புள்ளி போடுவார். ஒருவருக்குப் பிள்ளையைப் பிடிக்காமல் போனாலும் மற்ற இடங்களில் மீளலாம் என்பது அதன் நோக்கம். ஓரிடத்தில் ஒரு நடிகர் கோபமான நோயாளியாக இருப்பார். ஓரிடத்தில் ஒரு நியாயப் பிரச்சினையைக் கொடுத்து எப்படி யோசிக்கிறாய் என்று பார்ப்பார்கள். பாடமாக்கிய பதில் அங்கே பிள்ளைக்கு எதிராகவே திரும்பும். எதிரில் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது கையேட்டின் மூன்றாம் பக்கத்தை மனதில் தேடுகிற பிள்ளைக்கு, அவருடைய முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. மகள் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னது இது.

என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. வெளியில் சொல்லக்கூடாது என்று அங்கே ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள். நான் அன்று அதற்கும் கோபித்தேன், பெற்ற தாய்க்குச் சொன்னால் என்ன என்று. இப்போது நினைத்தால், அந்த ஒரு விஷயத்திலேயே அவள் டொக்டருக்கு வேண்டிய குணத்தைக் காட்டியிருக்கிறாள். தயவுசெய்து பிள்ளைகளிடம் கேள்விகளைப் பிடுங்கி வட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். பிள்ளையின் இடத்துக்கே ஆபத்து வரலாம்.

நாலும் இல்லை என்றானதும் ஐந்தாவதாகப் போட்ட பயோமெடிக்கல் படிப்பை ஏற்கச் சொல்லி நான் நின்றேன். அவள் மறுத்தாள். ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டு மறுபடி முயற்சி செய்கிறேன் என்றாள். வயோதிபர் வார்டில் ஹெல்த்கெயார் அசிஸ்டன்ட். பன்னிரண்டு மணித்தியால ஷிஃப்ட். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, படுக்கையில் புரட்டிவிடுவது, சாப்பாடு தீத்துவது. டொக்டருக்குப் படிக்க வேண்டிய பிள்ளை இதற்கா போகிறது என்று என் மனம் கொதித்தது. உறவினருக்கு “ஆஸ்பத்திரியில் வேலை” என்று மட்டும் சொன்னேன், என்ன வேலை என்று சொல்லவில்லை. அதற்கு இன்று அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒருநாள் வேலையால் வந்து கதை சொன்னாள். பாரிசவாதம் வந்த ஒரு முதியவருக்கு விழுங்குவது கடினம். தண்ணீர் மாதிரி இருப்பதைக் குடித்தால் நெஞ்சுக்குள் போய்விடும் என்பதால், தேத்தண்ணிக்குள் ஒரு மாவைப் போட்டுத் தடிப்பாக்கிக் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தொடவே மாட்டாராம். இது தேத்தண்ணி இல்லை, பசை என்று கோப்பையைத் தள்ளிவிடுவாராம். இவள் பக்கத்தில் இருந்து, முந்தி எப்படிக் குடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் அரை மணித்தியாலம் தன் மனைவி போட்டுத் தந்த தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் குடிக்கவில்லை. “அவர் குடிக்கேல்லை அம்மா. ஆனா ஏன் குடிக்கமாட்டன் எண்டுறார் எண்டு எனக்கு விளங்கிச்சு. அதை நான் நேர்ஸிட்டைச் சொன்னன்” என்றாள்.

வாய் திறந்து கதைக்கமாட்டாள் என்று நான் சொன்ன அதே பிள்ளைதான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்த மூன்று மாதமும் “ஏதும் வந்ததோ?” என்று கேட்காதீர்கள். வந்தால் பிள்ளை சொல்லும். சொல்லாவிட்டால், சொல்ல முடியாமல் இருக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஒழுங்கு இருக்கிறது: ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, விரும்பினால் அவள் கதைப்பாள். மற்ற நாட்களில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தங்கைக்கும் சொல்லிவிட்டேன், முதலில் கோபித்தாள், பிறகு சரி என்றாள். மாமாமார், மாமிமார் நீங்களும் கோயிலில் கண்டால் வேறு ஏதாவது கேளுங்கள். பிள்ளைக்கு நூறு விஷயம் இருக்கிறது.

மார்ச் மாதத்தில் நாலும் இல்லை என்று வந்தால், அந்த ஆத்திரத்தோடு ஏஜென்டுக்குக் காசு கட்டாதீர்கள். பல்கேரியா, ருமேனியா போய்ப் படிப்பது தவறில்லை, படித்து வந்து நன்றாக வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் முடித்து வந்து இங்கே பதிவு பெற என்ன செய்ய வேண்டும் என்பதை ஏஜென்டிடம் கேட்காமல், டொக்டர்களைப் பதிவு செய்யும் ஜிஎம்சியின் இணையத்தளத்தில் நீங்களும் பிள்ளையும் இருந்து வாசியுங்கள். வேறு பட்டம் படித்துவிட்டு நாலு வருட மருத்துவத்துக்குப் போகிற வழியும் உண்டு. வாரிக் பல்கலைக்கழகம் பட்டதாரிகளை மட்டுமே எடுக்கிறது. பதினெட்டு வயதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை.

இன்னொன்றைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். உங்கள் பிள்ளைக்கு உண்மையிலேயே இது விருப்பமா என்று ஒருதரம் கேட்டிருக்கிறீர்களா? நான் பதினெட்டு வருடம் கேட்கவில்லை. போன கோடையில்தான் கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளும் எனக்கு 1993ஐவிடக் கடினமாக இருந்தது. பிறகு வந்து ஓம் என்றாள், ஏன் என்றும் சொன்னாள். அவள் சொன்ன காரணங்களில் நான் இல்லை, மானிப்பாயும் இல்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. ஆனால் கேட்டிருக்கத்தான் வேண்டும்.

சனிக்கிழமைகளில் மகனைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மண்டபத்தின் பின்பக்கத்தில், பெற்றோர் இருக்கிற மேசையில்தான் இருப்பேன். ஃபிளாஸ்கில் தேத்தண்ணி இருக்கும். யூகாட், இன்டர்வியூ பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மகளின் அந்த அட்டவணையையும் கொண்டுவருகிறேன். அதைக் காட்ட அவளிடம் கேட்டுவிட்டேன். தனியாக மனம் விட்டு அழ வேண்டுமென்றாலும் வாருங்கள். உங்கள் பிள்ளைக்கு ஏதும் வந்ததா என்று நான் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
ஹரோவிலிருந்து ஒரு தாய்